நாலாயிரத்து எண்ணூறு, பத்து

எங்கள் ஆடிட் ஆபீசில் ஒரு கேள்வி உண்டு. ஒருவர் கணக்குப் புத்தகத்திலிருந்து தொகையைச் சத்தமாக வாசிக்கும்போது அது 'பத்து' என்று முடிந்தால், எதிரே எழுதுகிறவர் பேனாவை நிறுத்தி, "பத்தா, பற்றா?" என்று கேட்க வேண்டும். பதில் வந்த பிறகுதான் எழுத வேண்டும். இந்த விதியைக் கொண்டுவந்தவள் நான். காரணத்தை யாருக்கும் சொன்னதில்லை.

இப்போது யாரும் யாருக்கும் வாசித்துக் காட்டுவதில்லை. பேங்க் ஸ்டேட்மென்ட் நேராகக் கம்ப்யூட்டருக்குள் போய்விடுகிறது. ஆனால் கேள்வி மட்டும் ஆபீசில் தங்கிவிட்டது. மதியம் பிரியாணி வாங்கப் போகிறவர் "எத்தன பாக்கெட்? பத்தா, பற்றா?" என்று கேட்பார், எல்லோரும் சிரிப்பார்கள்.

இந்த மார்ச்சோடு ஆடிட்டராகக் கையெழுத்துப் போடுவதை நிறுத்திக்கொண்டேன். கடைசி நாள் டீக்குப் பிறகு நிவேதா என் மேசைக்கு வந்தாள். ஆபீசில் பயிற்சியில் இருக்கும் பெண். சி.ஏ. இன்டர் ஒரு முறை எழுதித் தவறியவள், அடுத்த முறைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"மேம், நீங்க எத்தனாவது அட்டெம்ப்ட்?"

"மூணாவது."

"ரெண்டாவதுல எதுல போச்சு?"

"ஆடிட்டிங். முப்பத்தெட்டு மார்க்."

ஒவ்வொரு பேப்பரிலும் நாற்பது எடுக்க வேண்டும். ஒன்றில் குறைந்தாலும் அந்தக் குரூப் முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். அவளுக்கு அது தெரியும். "ரெண்டு மார்க்கா!" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, அந்தப் பத்தா பற்றாவாவது இன்னான்னு சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

அவள் கேட்டது இரண்டு கேள்வி. எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

நான் தொண்டூருக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரி. அப்பாவை நைனா என்போம், கொத்தனார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில்தான் கணக்குப்பதிவியல் படித்தேன். டெபிட் என்றால் பற்று, கிரெடிட் என்றால் வரவு. எங்கள் வணிகவியல் டீச்சர் 'பற்று' என்பதை ஒரு கல்லை இன்னொரு கல்லில் தட்டுவதுபோல் அழுத்திச் சொல்வார். புத்தகத்தில் இருக்கும் சொல், புத்தகத்துச் சத்தத்தோடு எனக்குள் போனது. எங்கள் வீட்டில் கணக்கு எழுதும் வேலை கிடையாது. அதனால் அந்தச் சொல்லை வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. காற்றைக் 'காத்து' என்கிறோம், நேற்றை 'நேத்து' ஆக்குகிறோம். அந்தக் கணக்கில் பற்று என்னவாகும் என்று நான் யோசித்ததே இல்லை.

பி.காம். முடித்து, நுழைவுத் தேர்வில் தேறி, செஞ்சி பஜாரில் உரக்கடைக்கு மேல் இருந்த ஆடிட்டர் ஆபீசில் ஆர்ட்டிகிள் கிளார்க்காகச் சேர்ந்தேன். மூன்று வருடப் பயிற்சி, நடுவில் இன்டர் தேர்வு. அந்த வருடங்களில் எனக்கு நினைவிருப்பது பெரும்பாலும் பஸ்சும் பசியும்தான். காலையில் ஏழே முக்கால் பஸ், சாயங்காலம் ஆறு பத்து பஸ். ஆறு பத்தை விட்டால் அடுத்தது எட்டுக்கு. அதற்குள் வீட்டில் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

முதல் முறை தேர்வுக்குப் போகும்போது அம்மா மாதா கோயிலில் பூசைக்கு என் பேரைக் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் எல்லோருக்கும் கேட்க, ஸ்டெல்லாவின் தேர்வுக்காக மன்றாடுவோம் என்றார். ஊரே மன்றாடியது. ஊருக்கே தெரியும்படி ஃபெயில் ஆனேன். இரண்டாவது முறை அம்மா, "இந்த தபாவும் குடுக்கட்டுமா?" என்று கேட்டபோது, "வேணாம்மா, உன் கால்ல விழறேன்" என்றேன்.

ஆடிட்டர் பெயர் கோதண்டராமன். நாங்கள் சார் என்போம். எங்களை நீங்க, வாங்க என்றுதான் பேசுவார். குரல் உயர்ந்து கேட்டதில்லை. அந்த மரியாதையே எங்களுக்குப் பயம். எழுதிய தாளைக் கொண்டுபோய் வைத்தால் முதலில் கையைத் துடைத்துக்கொள்வார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார். நாங்கள் கூட்டல் போட்டுப் பார்த்த கிறுக்கல் அங்கேதான் இருக்கும். "முன்பக்கம் எனக்காக எழுதினது, பின்பக்கம்தான் நீங்க" என்பார்.

ஆபீசில் ரப்பர் வைத்துக்கொள்ளக் கூடாது. தவறாக எழுதினால் அதன்மேல் ஒரே ஒரு கோடு. பழைய எண் படிக்கக் கிடைக்க வேண்டும். பக்கத்தில் சரியான எண், அதன் பக்கத்தில் எழுதினவருடைய இனிஷியல். எழுதினவர்தான் அடிக்க வேண்டும், வேறு யாரும் அடிக்கக் கூடாது.

டிக்கில் இரண்டு நிறம். காதால் கேட்டு எழுதியதற்கு நீலம். கண்ணால் புத்தகத்தைப் பார்த்ததற்குப் பச்சை. பயிற்சிக்கு வருகிறவர்கள் முதல் வாரமே கற்றுக்கொள்வது இதுதான்.

நான் இரண்டாவது முறை தேர்வு எழுதவிருந்த வருடம், சித்திரையில் என்னை ஒரு மாணவர் விடுதிக்குத் தணிக்கைக்கு அனுப்பினார் சார். உள்ளூர் அறக்கட்டளை ஒன்று நடத்திய விடுதி. முந்தைய வருடங்களில் சீனியர் ஒருவர் போவார். எனக்கு அது முதல் முறை. கணக்கர் பெயர் கன்னியப்பன். நாற்பத்தைந்து வயது இருக்கும். இருபத்திரண்டு வருடமாக அங்கேதான் வேலை. மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கம் நூலால் கட்டியிருந்தது. காஷ் புக்கில் எழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமையிலிருந்து எனக்குப் படிப்பு விடுப்பு. மீதி இருந்த ஒரே வேலை, விடுதியின் காஷ் புக்கையும் பேங்க் பாஸ் புக்கையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் இருப்பு ஏன் வேறுபடுகிறது என்று காட்டும் ஒரு தாள். பாஸ் புக்கில் இருந்தும் காஷ் புக்கில் ஏறாதவை இரண்டே வரி. மணி ஐந்து நாற்பது. கரண்ட் போய்விட்டது. கன்னியப்பன் பாஸ் புக்கை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்று வாசித்தார்.

"பேங்க்கு வட்டி, நூத்தி அறுவது, வரவு."

எழுதினேன்.

"குமாரசாமி செக்கு, நாலாயிரத்து எண்ணூறு, பத்து."

அவசரத்தில் 'எண்ணூத்திப் பத்து' என்றே காதில் விழுந்தது, 4,810 என்று எழுதினேன். எந்தப் பக்கம் என்று அவர் சொன்னதாக எனக்குப் படவில்லை. மேலே இருந்த வரி வரவு. இதுவும் குமாரசாமி என்ற நன்கொடையாளர் கொடுத்த செக். வரவு என்றே கூட்டினேன். மேசையைச் சுற்றிப் போய்ப் பாஸ் புக்கைப் பார்த்திருக்கலாம். நான்கு அடி தூரம்தான். என் தலைக்குள் இருந்த பத்து, ஆறு பத்து பஸ்சின் பத்து. பச்சைப் பேனாவை எடுத்து இரண்டு வரிக்கும் டிக் போட்டேன்.

பஸ் கிடைத்தது. உட்கார இடமும் கிடைத்தது.

ஐந்தாம் நாள் சார் வரச்சொல்லி ஆள் அனுப்பினார். என் தாளில் இரண்டு புத்தகங்களும் ஒத்துப்போகவில்லை. பேங்க்கில் ஒன்பதாயிரத்து அறுநூற்றுப் பத்து ரூபாய் குறைந்தது.

"பாதியாக்கிப் பார்த்தீங்களா?" என்றார்.

ஒரு தொகையைக் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிட்டால், வித்தியாசம் அந்தத் தொகையின் இரு மடங்காக வரும். அதனால் வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்த எண் எங்காவது இருக்கிறதா என்று தேடுவது எங்கள் தொழிலின் முதல் வைத்தியம். அங்கேயே பாதியாக்கினேன். நாலாயிரத்து எண்ணூற்று ஐந்து. எந்த வரியிலும் அந்த எண் இல்லை.

"அப்படி ஒரு தொகை இல்ல சார்."

"எல்லாம் நீங்க பார்த்ததுதானே?"

தாளில் பச்சை டிக்குகள் வரிசையாக நின்றன.

"ஆமா சார்."

கன்னியப்பனைப் பாஸ் புக்கோடு அனுப்பி வைக்கும்படி விடுதிச் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். ஆங்கிலத்தில் நானே டைப் செய்தேன். வித்தியாசம் இவ்வளவு, கணக்கர் பாஸ் புக்கோடு வந்து விளக்கம் தர வேண்டும். இரண்டே வரி. டைப் செய்து கொடுத்துவிட்டுப் படிக்க ஓடினேன்.

படிப்பு ஓடவில்லை. மே மாதத்தில் செஞ்சியைச் சுற்றி இருக்கிறவர்களுக்குத் தெரியும். பகலெல்லாம் வெயில் குடித்த பாறை இருட்டிய பிறகுதான் அதைத் திருப்பித் தரும். எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு பாறை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நாலாயிரத்து எண்ணூற்று ஐந்தைத் தேடிக்கொண்டிருப்பேன். விரல் நுனி வியர்த்துப் பக்கம் ஒட்டிக்கொள்ளும். நைனா வேலை முடிந்து வந்து, நான் புத்தகத்தோடு இருப்பதைப் பார்த்துவிட்டு, சத்தம் வராமல் சோற்றுச் சட்டியை எடுப்பார். அந்த அமைதியும் எனக்குப் பாரமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை சென்னைக்குக் கிளம்பினேன். திங்களிலிருந்து தேர்வு. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது கன்னியப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தேடி வந்திருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது.

"இன்னாம்மா, நான் எடுத்துட்டன்னு எழுதிட்டியாமே?"

"அப்படி எழுதலண்ணா. வித்தியாசம்னுதான் எழுதினேன்."

"வித்தியாசம்னா ஊருல இன்னா அர்த்தம்னு தெரியுமா உனக்கு?" சைக்கிள் கைப்பிடியை விடாமல் பேசினார். "செயலாளரு லெட்டர எல்லாருக்கும் படிச்சிக் காட்டிட்டாரு. புக்கு எல்லாத்தயும் பீரோல வெச்சிப் பூட்டிட்டாரு. புதன்கெழம பதினோரு மணிக்குக் கமிட்டி. பணத்தக் கட்டு, இல்லன்னா எழுதிக் குடுத்துட்டு நின்னுடுங்கறாரு. டீக்கடையில என் பேரு இன்னா தெரியுமா இப்ப? ஒம்பதாயிரம். 'ஒம்பதாயிரம் வந்துட்டாரு, ஒரு டீ போடு.'"

"நீங்க விளக்கம் சொல்லலாமேண்ணா."

"சொன்னனே. ஒரு செக்கு திரும்புச்சி, நாலாயிரத்து எண்ணூறு, பேங்க்குல கழிச்சிட்டான்னு. 'அது நாலாயிரத்து எண்ணூறு, மீதி?'ன்றாரு. மீதிய நான் எங்க போயித் தேடறது?"

பஸ் வந்துவிட்டது. படியில் கால் வைத்த என்னிடம், "பரிச்சைய நல்லா எழுதும்மா" என்றார். குத்தலாகச் சொன்னாரா, வழக்கமாகச் சொன்னாரா என்று நான்கு மணி நேரப் பயணத்தில் பலமுறை யோசித்தேன்.

செக் திரும்பியது என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனால் என் தாளில் நாலாயிரத்து எண்ணூறு என்று ஒரு வரி இல்லை. நாலாயிரத்து எண்ணூற்றுப் பத்துதான் இருந்தது. அது வேறு செக் என்று நினைத்துக்கொண்டேன். என் பச்சை டிக்கை நானே நம்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அக்கவுன்ட்ஸ் பேப்பர். இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை. பள்ளிக்கூட ஹால், எனக்கு மேல் நின்ற மின்விசிறி சுற்றும்போதெல்லாம் டக் டக் என்று தட்டியது. கடைசிக் கேள்வியில் பேங்க் சரிக்கட்டும் பட்டியல். வாடிக்கையாளரின் செக் திரும்பிவிட்டது, பாஸ் புக்கில் டெபிட். எனக்கு ஆங்கிலத்தில் கேள்வி வந்தால் மனசு தமிழுக்குப் போய்விட்டுத்தான் திரும்பும். டெபிட். பற்று. கழி. பேனா அந்த வரியில் இருந்தபோது கண்காணிப்பாளர் கைதட்டினார். வயதான மனிதர்.

"இன்னும் பத்து நிமிசம். பேப்பரக் கட்டிக்குங்க. பத்து."

பற்று. பத்து.

ஜன்னல் பக்கம் திரும்பி நின்ற கன்னியப்பனின் முதுகு தெரிந்தது. வட்டி, நூத்தி அறுவது, வரவு. செக்கு, நாலாயிரத்து எண்ணூறு, பத்து. தொகை, பக்கம். தொகை, பக்கம். அவர் ஒழுங்காகத்தான் வாசித்திருக்கிறார். நாலாயிரத்து எண்ணூறைக் கழிக்காமல், நாலாயிரத்து எண்ணூற்றுப் பத்தைக் கூட்டியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்தேன். ஒன்பதாயிரத்து அறுநூற்றுப் பத்து. பாதியாக்கினால் ஏன் கிடைக்கவில்லை என்பதும் புரிந்தது. நடுவில் அந்தப் பத்து ரூபாய் உட்கார்ந்திருந்தது.

நான் எழுதிக்கொண்டிருந்த கணக்கை முடிக்க ஐந்து நிமிடம் போதும். அதில் மூன்று நிமிடம் விடைத்தாளின் ஓரத்தில் கன்னியப்பனின் கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் சேர்த்துத்தான் கட்டிக் கொடுத்தேன்.

வாசலுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத். முன்னால் இரண்டு பேர். என் முறை வந்தபோது மணி ஐந்து இருபத்தைந்து. சார் ஆபீசில் இருந்தார். மீட்டரில் சிவப்பு எண்கள் ஓட ஓட ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"கமிட்டியா? எனக்கு யாரும் சொல்லல. நான் கேட்டது பாஸ் புக்" என்றார். பிறகு, "அந்த வரிக்கு என்ன கலர் டிக் இருக்கு?"

"பச்சை, சார்."

"பார்த்தீங்களா?"

"இல்ல சார். கேட்டேன். பஸ்சுக்கு நேரமாயிடுச்சு."

மீட்டர் இரண்டு முறை மாறியது.

"வியாழக்கிழமை உங்களுக்கு ஆடிட்டிங் பேப்பர் இல்லையா?"

"ஆமா சார்."

"உங்களை வரச் சொல்லி நான் சொல்ல மாட்டேன். காலையில நான் போறேன், பீரோவைத் திறக்கச் சொல்லிப் பாஸ் புக்கைப் பார்க்கிறேன். நான் பார்த்தா அது என் டிக். உங்க டிக் அதே இடத்துல பச்சையாவே இருக்கும். யோசிச்சுக்குங்க."

வைத்துவிட்டார். பூத்காரர் பில்லை நீட்டினார்.

என்னோடு ஹாஸ்டலில் தங்கியிருந்த திருச்சிப் பெண் நான் பையில் துணி வைப்பதைப் பார்த்தாள். "நாளைக்கு ஒரு நாள்தான்டி இருக்கு. கம்பெனி ஆடிட் முழுசா பாக்கி வெச்சிருக்கேன்னியே? உன் சார்தான் போறார்ல?"

"போறாரு."

"அப்புறம்?"

பையை இழுத்து மூடினேன். காலையில் கிடைத்த முதல் பஸ்சில் ஏறினேன். மடியில் ஆடிட்டிங் புத்தகம் திறந்தே இருந்தது. திண்டிவனம் வரை ஒரே பக்கம். கமிட்டி முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டால், அவர் எழுதிக் கொடுத்துவிட்டால், அதன்பின் நான் கொண்டுபோகும் உண்மைக்கு என்ன வேலை என்று மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன். திண்டிவனத்தில் பஸ் இருபது நிமிடம் நின்றது. டிரைவர் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

விடுதிக்குள் நான் நுழையும்போது மணி பதினொன்று ஐந்து. செயலாளரும் நான்கு உறுப்பினர்களும் நாற்காலியில் இருந்தார்கள். சார் ஓரத்தில் இருந்தார், என் தாளை மடியில் வைத்துக்கொண்டு. கன்னியப்பன் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் மேசைமேல் வெள்ளைத் தாள் ஒன்றும் பேனாவும் இருந்தன. தாளில் இன்னும் எதுவும் எழுதவில்லை.

"இவங்க எதுக்கு?" என்றார் செயலாளர்.

"இவங்கதான் எழுதினவங்க," என்றார் சார். "பாஸ் புக்கை இவங்ககிட்ட குடுங்க."

பாஸ் புக்கில் அந்த வரி, தேதி, குமாரசாமி என்ற பெயர். பற்றுப் பத்தியில் 4,800. சார் என் தாளை மேசையில் விரித்து வைத்தார். 4,810-ன் மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் 4,800, கழித்தல். அதன் பக்கத்தில் இனிஷியல். கோடு நேராக வரவில்லை. பிறகு கமிட்டியைப் பார்த்துச் சொன்னேன்: அவர் பற்று என்று வாசித்தார், நான் பத்து ரூபாய் என்று கேட்டேன், புத்தகத்தைப் பார்க்காமலே பார்த்ததாக டிக் போட்டேன்.

"அப்ப அந்த ஒம்பதாயிரத்து அறுநூத்திப் பத்து ரூபா எங்க போச்சு?" என்றார் செயலாளர்.

"எங்கயும் போகல," என்றார் சார். "அது இருந்ததே இல்ல."

ஒரு உறுப்பினர் சிரித்துவிட்டார். "பத்துன்னா பத்துதானே, அந்தப் பொண்ணு மேல இன்னா தப்பு?" என்றார். இன்னொருவரும் சிரித்தார். கன்னியப்பன் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நூல் அவிழ்ந்துவிட்டது. அதைக் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "கேட்டிருக்கலாமேம்மா. ஒரு வார்த்த" என்றார்.

சரிசெய்யப்பட்டது என்று கமிட்டியின் மினிட் புத்தகத்தில் எழுதி முடிக்கப் பார்த்தார்கள். தணிக்கை உதவியாளரின் பிழை என்று எழுதாமல் தன்னால் கிளம்ப முடியாது என்றார் சார். எழுதினார்கள். எல்லோரும் எழுந்தபோது கன்னியப்பன், "சார், எனக்கு ஒரு லெட்டர் வேணும். தமிழ்ல" என்றார். "அந்த இங்கிலீசு லெட்டரு டீக்கட வரைக்கும் போச்சி. இதுவும் போவணும்."

சார் என்னிடம் தாளை நீட்டினார். அந்த வெள்ளைத் தாளையே. நின்றபடியே எழுதினேன்: 'நாலாயிரத்து எண்ணூறு ரூபாய் பற்று என்று கணக்கர் சரியாகவே வாசித்தார். தணிக்கை உதவியாளர் தவறாகக் கேட்டு எழுதினார். கணக்கில் குறைவு எதுவும் இல்லை.' கன்னியப்பன் மூன்று முறை படித்தார். ஒன்று போதாது, இரண்டு வேண்டும் என்றார். ஒன்றை விடுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். மற்றதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு பஜார் பக்கம் போனார்.

அன்று மதியமே சென்னைக்குத் திரும்பினேன். வியாழக்கிழமைப் பேப்பரில் கம்பெனி ஆடிட்டிலிருந்து இரண்டு பெரிய கேள்விகள். ஒன்றைத் தொடவே முடியவில்லை, ஒன்றைப் பாதியில் விட்டேன். ரிசல்ட் வந்தபோது அக்கவுன்ட்சில் அறுபத்தொன்று, ஆடிட்டிங்கில் முப்பத்தெட்டு. சார் மதிப்பெண் பட்டியலை வாங்கி, பழக்கத்தில் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "நவம்பர்ல எழுதுங்க" என்றார். நவம்பரில் பயத்தில் ஃபீஸ் கட்டவே இல்லை. அடுத்த மேக்குத்தான் கட்டினேன்.

புதன்கிழமை நான் சென்னையிலேயே இருந்திருந்தால் அந்த இரண்டு மார்க் வந்திருக்குமா என்று நிவேதா கேட்டாள். வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். சார் தனியாகப் போயிருந்தாலும் கன்னியப்பன் வேலை தப்பியிருக்கும். அதையும் அவளிடம் சொன்னேன். நான் போனதால் அவருக்குக் கிடைத்தது அந்த இரண்டு தாள்கள் மட்டும்தான்.

அடுத்த சித்திரையில் விடுதித் தணிக்கைக்கு நானே போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். மூன்றாவது முறைக்குப் படித்துக்கொண்டிருந்த நேரம். கன்னியப்பன் எதிரே உட்கார்ந்தார், கண்ணாடி புதிது. நல்ல வெளிச்சம் இருந்தது. பாஸ் புக்கைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தார்.

"பேங்க்கு சார்ஜி, முப்பத்தஞ்சு..."

நிறுத்தினார். உதட்டை ஈரமாக்கிக்கொண்டார். பிறகு, பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்தப்பட்ட பையனைப்போல், என் டீச்சர் சொல்கிற அதே அழுத்தத்தோடு சொன்னார்.

"பற்-று."

எனக்கு எழுத வரவில்லை. "வழக்கம்போலப் பத்துன்னே சொல்லுங்கண்ணா. நான் கேட்டுக்கறேன்."

"வேணாம்மா," என்றார், பக்கத்தைப் பார்த்தபடியே. "நீ பரிச்ச எழுதற புள்ள. நான் சரியாவே சொல்றேன்."

பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். மேசையைச் சுற்றி அவர் பக்கம் போய் நின்றேன். முப்பத்தைந்து, பற்றுப் பத்தியில் இருந்தது. பார்த்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து, பச்சை டிக் போட்டேன். அன்று நாற்பத்திரண்டு வரி. நாற்பத்திரண்டு முறையும் எழுந்தேன். அவர் ஒரு முறைகூட உட்காரும்மா என்று சொல்லவில்லை.